பவர் பேங்க், கேபிள், பை, பாட்டில்: எது எங்க முதல்ல போகும்?

இந்த தடவை வந்த கேள்வில பாதிக்கு மேல தினமும் கூடவே தூக்கிட்டு போற சாமான் பத்தித்தான். டப்பா மேல பெருசா போட்டிருக்கற நம்பரை பார்த்து வாங்கறோம், பொருள் வீணாப்போறது என்னவோ அந்த நம்பர் சொல்லாத இடத்துலதான், கேபிள் கழுத்து, ஜிப்பு, வாஷர், ஒட்டு இப்படி. அதை மனசுல வச்சே பதில் எழுதியிருக்கேன்.

கேள்வி: 10000 எம்ஏஎச் பவர் பேங்க் வாங்கினேன், என் போன் பேட்டரி 5000. ரெண்டு தடவை ஃபுல் ஆகணும்ல? ஒண்ணே கால், மிஞ்சிப்போனா ஒண்ணரை தடவைதான் வருது. ஏமாத்திட்டாங்களா?

இல்லங்க, உங்களுக்கு வர்றது சரியான அளவுதான். 10000ங்கறது உள்ள இருக்கற செல்லோட கணக்கு. செல் 3.7 வோல்ட், அதை 5 வோல்ட்டா ஏத்தித்தான் போனுக்கு அனுப்பணும், 10000ஐ 3.7ஆல பெருக்கினா மொத்த சக்தி 37 வாட் ஹவர், அதை 5ஆல வகுத்தா 7400 எம்ஏஎச்தான் வருது, அதுலயும் சர்க்யூட் சூட்டுல கொஞ்சம் போயிடும், போன் உள்ள ஏறும்போது இன்னும் கொஞ்சம் போகும். பவர் பேங்க் பின்னாடி பொடி எழுத்துல ரேட்டட் கெபாசிட்டின்னு இன்னொரு நம்பர் இருக்கும் பாருங்க, 5500ல இருந்து 6500க்குள்ள ஏதாவது போட்டிருக்கும், கடையில கேட்டு பார்க்க வேண்டியது அந்த நம்பரைத்தான். அது எழுதாத பவர் பேங்கை வாங்காதீங்க.

நிஜமா ஏமாத்தற சரக்கு வேற. பிளாட்ஃபாரத்துல 50000னு போட்டு சில நூறு ரூபாய்க்கு விக்கறாங்களே, அதை கையில தூக்கி பாருங்க. நல்ல 10000 பவர் பேங்க்கே கிட்டத்தட்ட 200 கிராம் இருக்கும், 50000 அதே வெயிட்ல இருக்க முடியுமா சொல்லுங்க. இந்தியால பவர் பேங்க்குக்கு பிஐஎஸ், அதாவது இந்திய தர நிர்ணய அமைப்போட ரிஜிஸ்ட்ரேஷன் கட்டாயம், ஆர்னு ஆரம்பிக்கற நம்பர் மேல அச்சடிச்சிருக்கணும், பிஐஎஸ் கேர் ஆப்ல அந்த நம்பரை அடிச்சா எந்த கம்பெனி பேர்ல பதிவாயிருக்குன்னு காட்டும். ஃப்ளைட்ல போறவங்க 100 வாட் ஹவருக்குள்ள வாங்கிக்கங்க, அதாவது சுமார் 27000 எம்ஏஎச் வரைக்கும், அதுவும் கைப்பையில மட்டும்தான், செக் இன் பெட்டில வைக்கவே கூடாது.

கேள்வி: ரெண்டு வருஷ பழைய பவர் பேங்க் லேசா உப்பியிருக்கு, ஆனா நல்லா சார்ஜ் ஏறுது. இன்னும் கொஞ்ச நாள் ஓட்டலாமா?

வேண்டாம், தயவு செஞ்சு இன்னைக்கே நிறுத்திடுங்க. உப்பியிருக்குன்னா செல்லுக்குள்ள கேஸ் சேர்ந்திருக்குன்னு அர்த்தம், சார்ஜ் ஏறுதுங்கறதை வச்சு நல்லா இருக்குன்னு நினைக்காதீங்க. அமுக்கி பார்க்கறது, ஊசியால குத்தறது எதுவும் செய்யாதீங்க, குப்பைத்தொட்டிலயும் போடாதீங்க, குப்பை வண்டில நசுங்கினா தீப்பிடிக்கும். துணி, மெத்தை, பேப்பர் பக்கத்துல இல்லாம தனியா வச்சு இ-வேஸ்ட் எடுக்கறவங்ககிட்ட கொடுத்துடுங்க. பெரிய பிராண்டா இருந்தா பயமில்லன்னும் சொல்ல முடியாது, 2025 ஜூன்ல ஆங்கர் கம்பெனி அமெரிக்கால மட்டும் 11 லட்சத்துக்கு மேல பவர் பேங்க்கை தீப்பிடிக்கற அபாயம்னு திரும்ப வாங்கிச்சு.

லித்தியம் பேட்டரிய சீக்கிரம் கொல்றது வெயில்தான். வெயில்ல நிக்கற கார் டாஷ்போர்டு, வண்டி டேங்க் மேல மாட்டற பை, ரெண்டுலயும் வைக்காதீங்க. ரொம்ப நாள் உபயோகிக்காம வைக்கணும்னா ஃபுல் சார்ஜ்ல வைக்காம பாதியில வைங்க.

கேள்வி: எந்த கேபிள் வாங்கினாலும் கொஞ்ச மாசத்துல போயிடுது. நைலான் பின்னல் போட்டது வாங்கினா தாங்குமா?

பின்னல் வெளித்தோலை காப்பாத்தும், ஆனா கேபிள் அறுந்து போறது பெரும்பாலும் ப்ளக்கு முடியற கழுத்துல, அதுவும் உள்ள இருக்கற கம்பி. அதனால கழுத்துல இருக்கற ரப்பர் நீளமா, மெதுவா வளையற மாதிரி இருக்கான்னு பாருங்க, கட்டை குட்டையா விறைப்பா இருந்தா வேண்டாம். சார்ஜ் போட்டுட்டே படுத்து போன் பார்க்கறப்போ ப்ளக் வயித்துல முட்டி மடங்கும் பாருங்க, அதுலதான் பாதி கேபிள் போகுது.

யூஎஸ்பி சி ரெண்டு பக்கமும் இருக்கற சாதா கேபிள் 60 வாட் வரைக்கும்தான், லேப்டாப்புக்கு 100 வாட் வேணும்னா எவ்ளோ கரன்ட் தாங்கும்னு சார்ஜருக்கு சொல்ற இ-மார்க்கர் சிப் உள்ள இருக்கற 5 ஆம்ப் கேபிளா கேட்டு வாங்கணும். சில போன் கம்பெனிகளோட சொந்த ஃபாஸ்ட் சார்ஜ் அவங்க கேபிள்லதான் முழு வேகத்துல வேலை செய்யும்.

இன்னொண்ணு, கேபிள் லூசா நிக்குதுன்னா உடனே போர்ட் மாத்த காசு கொடுக்காதீங்க. பேன்ட் பாக்கெட் பஞ்சு போர்ட்டுக்குள்ள அடைஞ்சு கெட்டியாகி கிடக்கும், போனை ஆஃப் பண்ணிட்டு மரத்துல செஞ்ச பல் குத்தற குச்சியால மெதுவா நெம்பி எடுங்க, பாதி கேஸ் அதோட சரியாயிடும். ஊசி, ஹேர் பின் விடாதீங்க.

கேள்வி: ஐபி68, அதாவது தண்ணி, தூசி தாங்கும்னு ரேட்டிங் போட்ட போன்னு நம்பி மழையில எடுத்துட்டு போனேன், உள்ள தண்ணி போயிடுச்சு. சர்வீஸ் சென்டர்ல வாரண்டி இல்லங்கறாங்க. நியாயமா?

உங்க கோபம் நியாயம்தான், ஆனா வாரண்டி தாள்ல தண்ணியால வர்ற கோளாறுக்கு பொறுப்பில்லன்னு பெரும்பாலான கம்பெனி எழுதி வச்சிருக்கு. அந்த டெஸ்ட் எல்லாம் புது போனை சுத்தமான நல்ல தண்ணில வச்சு பண்றது, ஐபி67னா 1 மீட்டர் ஆழம் 30 நிமிஷம், 68க்கு ஆழம் எவ்ளோன்னு கம்பெனியே சொல்லும். கடல் தண்ணி, சோப்பு தண்ணி, நீச்சல் குளம் எதுவும் அந்த கணக்குல வராது. ஓரத்துல இருக்கற ஒட்டும் ரப்பரும் வருஷம் போகப்போக, ஒரு தடவை கீழ விழுந்தாலும்கூட, விட்டுடும். டிஸ்ப்ளே மாத்தின போன்னா அந்த ரேட்டிங்கை மறந்துடுங்க. நனைஞ்சா அரிசில புதைக்காதீங்க, தூள் உள்ள போகும்னு ஆப்பிளே வேண்டாம்னு சொல்லியிருக்கு. போர்ட் கீழ பார்க்கற மாதிரி பிடிச்சு தட்டி, காத்தோட்டமா வச்சு, நல்லா காயற வரைக்கும் சார்ஜ் போடாம இருங்க.

கேள்வி: லேப்டாப் பை துணி புதுசு மாதிரி இருக்கு, ஆனா ஜிப் மூட மாட்டேங்குது, உள்பக்கம் வேற பொருக்கு பொருக்கா உரியுது.

ஜிப்ல பல்லு நல்லா இருக்கும், பல்லை சேர்த்து மூடற ரன்னர்தான் வாய் அகண்டு போயிருக்கும். பை தைக்கறவர்கிட்ட கொடுத்தா சின்ன காசுல ரன்னர் மட்டும் மாத்தி தருவாரு, அதுக்காக பையை தூக்கி போடாதீங்க. உரியறதுக்கு வைத்தியம் கிடையாது, அது பியூ, அதாவது பாலியூரித்தேன் பிளாஸ்டிக் பூச்சு, நம்ம ஊர் ஈரக்காத்துலயே அது சிதையும், உபயோகிக்காம பரண்ல வச்சாலும் உரியும். அடுத்த பை வாங்கறப்போ தோள் பட்டை பையோட சேர்ற இடத்துல தையல் எத்தனை வரி ஓடியிருக்குன்னு இழுத்து பாருங்க, கனத்தை தாங்கறது அந்த தையல்தான்.

கேள்வி: ஸ்டீல் ஃபிளாஸ்க்ல இப்போ சூடு நிக்கல.

கொதிக்கற தண்ணி ஊத்தி பத்து நிமிஷம் கழிச்சு வெளி உடம்பை தொட்டு பாருங்க. சூடா இருந்தா ரெண்டு சுவருக்கு நடுவுல இருக்கற வேக்கம் (காத்தில்லாத இடம்) போயிடுச்சு, அடிப்பக்கம் விழுந்து நசுங்கியிருக்கும், ரிப்பேர் ஆகாது. மூடி மட்டும் சுட்டா வாஷர் மாத்தினா போதும்.

கேள்வி: இயர்பட்ஸ் அஞ்சாவது நாளே ஒரு பக்கம் கேக்கல. கடைக்காரர் பில்லுல நோ எக்ஸ்சேஞ்ச் நோ ரிட்டர்ன்னு இருக்குன்னு காட்டறாரு.

பில்லுல அப்படி அச்சடிச்சதால குறையுள்ள பொருளை வாங்கிக்க மாட்டேன்னு சொல்லிட முடியாது. 2019 நுகர்வோர் பாதுகாப்பு சட்டப்படி பில்லுல போட்டிருக்கற நாளுக்குள்ள, நாள் எதுவும் போடலன்னா 30 நாளுக்குள்ள, குறையுள்ள பொருளை திரும்ப எடுக்க மறுக்கறது முறையற்ற வர்த்தகம். கலர் பிடிக்கலன்னு கொண்டு போனா இது பொருந்தாது, பொருள்ல குறை இருக்கணும். முதல்ல கடைக்கும் கம்பெனிக்கும் எழுத்துல, மெயில்லயோ வாட்ஸ்ஆப்லயோ, போடுங்க, பதில் வரலன்னா தேசிய நுகர்வோர் ஹெல்ப்லைன் 1915க்கு போன் பண்ணி புகார் பதியுங்க. அப்பவும் நடக்கலன்னா நீங்க குடியிருக்கற மாவட்ட நுகர்வோர் ஆணையத்துலயே கேஸ் போடலாம், பொருளுக்கு கொடுத்த காசு 5 லட்சம் வரைக்கும்னா ஃபீஸ் இல்ல, ரெண்டு வருஷம் டைம் இருக்கு, வக்கீல் கட்டாயமில்ல. பில்லை மட்டும் வாங்கின அன்னைக்கே போட்டோ எடுத்து வச்சுக்கங்க, தெர்மல் பேப்பர் பில்லு சில மாசத்துல வெளுத்துடும்.