மகனின் மாத்திரையைத் தொடாதீர்கள்

கேள்வி: என் 8 வயது மகனுக்கு ஏடிஎச்டி (கவனக் குறைவும் அளவுமீறிய துறுதுறுப்பும் உள்ள குறைபாடு) என்று கண்டுபிடித்திருக்கிறார்கள். எனக்கும் சின்ன வயதிலிருந்தே மறதி, எதையும் பாதியில் விட்டுவிடுவேன். இணையத்தில் ஒரு தேர்வு எழுதினேன், எனக்கும் இருக்கிறது என்று வந்தது. அவன் மாத்திரையை இரண்டு தடவை போட்டுப் பார்த்தேன், வேலை ஓடியது. இப்போது முடி கொட்டுகிறது, சரியான தூக்கமும் இல்லை. என்னால்தான் அவனுக்கு வந்ததா? நான் இல்லாமல் இருந்தால்தான் பிள்ளைகளுக்கு நல்லது என்று சில நாள் தோன்றுகிறது. (வாசகி, வயது 37)

பதில்: உங்கள் கடைசி வரிதான் எனக்கு முக்கியம். 'நான் இல்லாமல் இருந்தால் நல்லது' என்று தோன்றுவது ஏடிஎச்டியின் அறிகுறி கிடையாது. மனச்சோர்வு நோய் அப்படிப் பேசவைக்கும். ஏடிஎச்டி உள்ள பெண்களுக்கு மனச்சோர்வும் சேர்ந்தே வருவதை அடிக்கடி பார்க்கிறோம். அதனால் ஏடிஎச்டி பரிசோதனைக்குத் தேதி கிடைக்கட்டும் என்று காத்திருக்காதீர்கள். இன்றைக்கே கணவரிடமோ அக்கா தங்கையிடமோ இதே வார்த்தைகளில் சொல்லுங்கள். இந்த வாரத்துக்குள் மனநல மருத்துவரைப் பாருங்கள். எப்படிச் சாவது என்று யோசனை ஓட ஆரம்பித்திருந்தால் ஒரு நிமிடம்கூடத் தனியாக இருக்க வேண்டாம், யாரையாவது கூட்டிக்கொண்டு நேரே அவசரப் பிரிவுக்குப் போங்கள்.

மாத்திரை விஷயத்தில் எனக்குக் கோபமே வருகிறது. அந்த வகை மருந்து ஏடிஎச்டி இல்லாதவரையும் சுறுசுறுப்பாக்கும், ஆகவே வேலை ஓடியது எதற்கும் சான்றாகாது. ரத்த அழுத்தமும் நாடித்துடிப்பும் ஏறும், தூக்கம் கெடும். இருதுருவ மனநோய் (அளவுமீறிய உற்சாகமும் ஆழ்ந்த சோர்வும் மாறி மாறி வரும் நோய்) மறைந்திருந்தால் அதைக் கிளப்பியும் விடலாம். இனி வேண்டாம்.

அப்புறம், 'என்னாலா?' ஏடிஎச்டியில் மரபுக்குப் பெரிய பங்கு உண்டு என்பது உண்மை. உங்கள் உயரம் அவனுக்கு வந்தால் அதைக் குற்றம் என்போமா? நீங்கள் வளர்த்த விதத்தால் இது வரவில்லை. பிள்ளைக்குக் கண்டுபிடித்த பிறகுதான் பல தாய்மார்களுக்குத் தங்களைப் பற்றியே சந்தேகம் வருகிறது. ஓடியாடித் தொல்லை செய்யும் பையன் ஆசிரியர் கண்ணில் படுவான். ஜன்னலைப் பார்த்துக்கொண்டு அமைதியாக உட்கார்ந்திருக்கும் பெண்ணை யாரும் கவனிப்பதில்லை.

இணையத் தேர்வு வெறும் வடிகட்டிதான். ஏடிஎச்டியைக் காட்டும் ரத்தப் பரிசோதனையோ ஸ்கேனோ இல்லை. மருத்துவர் உட்கார்ந்து விரிவாகக் கேட்க வேண்டும். அறிகுறிகள் 12 வயதுக்கு முன்பே இருந்தனவா, வீடு, வேலை என்று குறைந்தது இரண்டு இடங்களிலாவது பாதிக்கின்றனவா என்று பார்ப்பார். சமீபத்தில் தொடங்கிய மறதி என்றால் வேறு காரணம் தேட வேண்டியிருக்கும். முடி கொட்டுவதற்குப் பயப்படாதீர்கள். தைராய்டும் இரும்புச்சத்தும் பார்த்துவிட்டால் போதும், அவை குறைந்தாலும் மறதியும் சோர்வும் வரும்.

பள்ளி மதிப்பெண் அட்டை இருந்தால் எடுத்துப் போங்கள், ஆசிரியர் எழுதிய குறிப்புகள் உதவும். இல்லாவிட்டால் உங்கள் சிறுவயதை அறிந்த ஒருவரைக் கூட்டிப் போகலாம். மாத்திரை போட்டதை மட்டும் மறைக்காமல் சொல்லிவிடுங்கள்.