ஃபாஸ்டர் கேர் பிள்ளைகளைப் பற்றிய தப்பெண்ணத்தை சினிமாவால் மாற்ற முடியுமா?

முடியும். ஆனால் அந்தத் தப்பெண்ணத்தை வளர்த்துவிட்டதிலும் சினிமாவுக்குப் பெரிய பங்கு உண்டு. (பெற்றோரிடம் இருக்க முடியாத பிள்ளைகளை அரசு வேறொரு குடும்பத்திலோ இல்லத்திலோ தங்கவைத்துப் பார்த்துக்கொள்வதுதான் ஃபாஸ்டர் கேர்.) நான் பார்த்தவை அமெரிக்கப் படங்கள் என்பதால் அந்த நாட்டை வைத்தே சொல்கிறேன்.

2009இல் 'ஆர்ஃபன்' என்ற திகில் படம் வந்தது. தத்தெடுத்த குழந்தையிடம் சொந்தக் குழந்தை அளவுக்குப் பாசம் வைப்பது கஷ்டம்தான் என்கிற மாதிரி அதன் டிரெய்லரில் ஒரு வசனம். தத்தெடுத்த பெற்றோர்கள் கொதித்துப்போக, வார்னர் பிரதர்ஸ் அதை மாற்றியது. கதை மட்டும் அப்படியே இருந்தது. பிள்ளையாக வீட்டுக்குள் வந்தவள்தான் வில்லி.

அதே வருடம் 'தி பிளைண்ட் சைட்'. இது நல்லெண்ணப் படம், சாண்ட்ரா புல்லக்குக்கு ஆஸ்கரும் கிடைத்தது. ஆனால் அதன் நிஜ நாயகனான அமெரிக்கக் கால்பந்து (அமெரிக்கன் ஃபுட்பால்) வீரர் மைக்கேல் ஓஹர், ஃபாஸ்டர் கேரில் இருந்தவர், தன்னை மந்தபுத்திக்காரனாகக் காட்டிவிட்டார்கள் என்று பின்னால் வருத்தப்பட்டார். சின்ன வயதிலிருந்தே ஆட்டத்தைக் கரைத்துக் குடித்தவருக்குப் படத்தில் அவரை வீட்டில் சேர்த்துக்கொண்ட அம்மா (சாண்ட்ரா புல்லக்) மைதானத்தில் இறங்கிப் பாடம் எடுப்பார்! 2023இல் அவர், அந்தக் குடும்பம் தன்னைச் சட்டப்படி தத்தெடுக்கவே இல்லை என்று நீதிமன்றம் போனார். பரிதாபமும் ஒரு முத்திரைதான் என்பது என் கட்சி.

இந்தப் பிள்ளைகளின் வழக்கு விவரங்களைப் பொதுவாக ரகசியமாக வைப்பார்கள். அவர்கள் நலனுக்காகத்தான், நியாயமும்கூட. ஆனால் ஒழுங்காகப் பள்ளிக்கூடம் போய் வருகிற பிள்ளை யார் கண்ணிலும் படுவதில்லை. ஏதாவது விபரீதம் நடந்தால்தான் செய்தி. உடனே, "ஏதோ தப்புப் பண்ணித்தானே அங்கே போயிருக்கும்?" என்று கேட்பார்கள். பெரும்பாலும் தப்பு பெரியவர்களுடையது: கவனிக்காமல் விடுவது, போதை, அடி.

சரி, மாற்றுகிற படம் எப்படி இருக்கும்? 'ஷார்ட் டெர்ம் 12' (2013). இயக்குநர் டெஸ்டின் டேனியல் கிரெட்டன் (பின்னால் மார்வெலுக்கு 'ஷாங்-ச்சி' எடுத்தவர்) கல்லூரி முடித்ததும், படத்தில் வருவது போல இந்தப் பிள்ளைகள் தங்கும் இல்லம் ஒன்றில் இரண்டு வருடம் வேலை பார்த்தவர். அது படம் முழுக்கத் தெரிகிறது. 18 வயதாகப் போகிற மார்கஸ் அங்கிருந்து வெளியேற வேண்டும். பேசவே பிடிக்காத பையன், ஊழியர் ஒருவர் தாளம் போட, தன் அம்மாவைப் பற்றித் தானே எழுதிய ராப்பைப் பாடுகிறான். மார்கஸாக நடித்த லக்கீத் ஸ்டான்ஃபீல்டின் முகமே நமக்குப் போதும். நம்மை அழவைக்க எந்த முயற்சியும் இல்லை, அவன் கோபம் எங்கிருந்து வருகிறது என்பது புரிந்துவிடுகிறது.

ஆவணப்படம் வேண்டுமென்றால் எச்பிஓவில் 2019இல் வந்த 'ஃபாஸ்டர்'. லாஸ் ஏஞ்சலஸில் எடுத்தது. அதில் வருகிற சமூகப் பணியாளர் ஒருவரே ஃபாஸ்டர் கேரில் வளர்ந்தவர். இந்தப் பிள்ளைகள் உருப்படுவார்களா என்று கேட்கிறவர்களுக்கு அவரைக் காட்டலாம்.

இவற்றைத் திரையிட நினைப்பவர்களுக்கு ஒன்று: படம் முடிந்ததும் அங்கே வந்திருக்கும் ஃபாஸ்டர் கேர் இளைஞரிடம் மைக்கைக் கொடுத்து, "உன் கதையைச் சொல்லு" என்று கேட்காதீர்கள். படத்தில் எது பொய் என்று கேளுங்கள், நிறையச் சொல்வார்கள்.