பழைய டாடா 2518-ஐ ரெக்கவரி வண்டியாக மாற்றியிருக்கிறேன். பம்பைத் திறந்து பவர் ஏற்றி, எக்ஸாஸ்ட் பிரேக்கும் பெரிதாகப் போடலாமா?

எக்ஸாஸ்ட் பிரேக் என்பது புகை போகும் பைப்பை அடைத்து இன்ஜினையே பிரேக் ஆக்குவது, அந்த வேலையை இன்றைக்கே தொடங்குங்கள். இன்ஜினுக்கு டீசல் அளந்து கொடுக்கும் பம்பை இப்போதைக்குத் தொடாதீர்கள்.

நீங்கள் எந்த ஊர் என்று எழுதவில்லை. 2518 என்றால் பெரும்பாலும் பிஎஸ்-3 (பழைய புகை விதி) வண்டி, ஏலத்திலோ கை மாறியோ வாங்கியிருப்பீர்கள். பாடியை இறக்கிவிட்டு பின்னால் பூம் (வண்டியைத் தூக்கும் கை) ஏற்றியிருப்பீர்கள். அமெரிக்காவில் டாட்ஜ் ராம் பிக்கப்பை வைத்துக்கொண்டு பெரிய டிரெய்லரை மலையேற்றும் வீடியோக்களைப் பார்த்துவிட்டு இந்தக் கேள்வி வந்திருக்கும். அதில் தப்பே இல்லை. 1989 மாடல் ராமில் 160 ஹெச்பியோடு வந்த 5.9 லிட்டர் கம்மின்ஸும் உங்கள் வண்டியில் இருப்பதும் ஒரே குடும்பம். 1993-ல் டாடாவும் கம்மின்ஸும் கூட்டு சேர்ந்து ஜாம்ஷெட்பூரில் இந்த இன்ஜினைக் கொண்டுவந்தார்கள். அங்கே செய்வதில் பாதி இங்கேயும் பொருந்தும். பொருந்தாத பாதியில்தான் ஆள் உயிர் இருக்கிறது.

அந்த வீடியோவில் பின்னால் வரும் டிரெய்லருக்குத் தனியாக எலக்ட்ரிக் பிரேக் உண்டு. டிரைவர் கை எட்டும் இடத்தில் அதற்கு ஒரு கன்ட்ரோல் இருக்கும், இழுக்கிற வண்டியும் பிடிக்கும், இழுபடுகிற வண்டியும் பிடிக்கும். நாம் இழுப்பது இன்ஜின் செத்த லாரி. இன்ஜின் ஓடாவிட்டால் கம்ப்ரஸர் ஓடாது, பிரேக்கை இயக்கும் ஏர் ஏறாது. ஏர் இறங்கினால் ஸ்பிரிங் பிரேக் பூட்டிக்கொள்ளும். ரோட்டில் நிற்கிற பத்துப் பேரும் அவசரப்படுத்த, பிரேக் சேம்பர் (சக்கரத்தருகே பிரேக்கை இயக்கும் ஏர் டப்பா) பின்னால் இருக்கும் போல்ட்டைத் திருகி ஸ்பிரிங்கை விடுவித்துவிட்டு இழுக்கத் தொடங்குகிறார்கள். சக்கரம் சுற்றும், சந்தோஷம். ஏர் ஹோஸ் கொடுக்காமல் அப்படி இழுத்தால் அந்த லாரிக்குப் பிரேக் என்ற ஒன்றே கிடையாது. அதன் மொத்த எடையும் உங்கள் பிரேக் டிரம்மில்தான் உட்காரும்.

நான் தர்மபுரி, சேலம் பக்கம் ரெக்கவரி ஓட்டுகிறவன். தொப்பூர் கணவாய்தான் எங்கள் பிழைப்பு. பெங்களூரிலிருந்து சேலம் போகிற 44-ம் நம்பர் ரோடு பாளையம்புதூர் டோல்கேட் தாண்டியதும் சரிவில் விழும். கட்டமேடு, இரட்டைப் பாலம் என்று பேப்பரில் அடிக்கடி படித்திருப்பீர்கள். பேப்பரில் பார்க்கிற நசுங்கிய கேபினை நாங்கள் கையால் பிரித்திருக்கிறோம். அதனால்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன். "பயமுறுத்துகிறார்" என்று கமெண்ட் போடுகிறவர்கள் ஒரு மழை ராத்திரி அங்கே வந்து நின்று பார்க்கட்டும்.

ஒரு கணக்கு சொல்கிறேன். லோடு லாரி 28 டன், உங்கள் வண்டி 12 டன், மொத்தம் 40 டன். இது 100 மீட்டர் உயரம் இறங்கும்போது வருகிற சக்தியில் 130 லிட்டர் தண்ணீரைக் கொதிக்க வைக்கலாம். எக்ஸாஸ்ட் பிரேக் இல்லையென்றால் அந்தச் சூட்டில் பெரும்பகுதி பிரேக் லைனருக்கும் டிரம்முக்கும் போகும். டிரம் சூட்டில் விரியும், லைனர் பிடிமானம் இழக்கும், மிதிக்க மிதிக்க ஏரும் தீரும். பம்பைத் திறந்து 180 ஹெச்பியை 230 ஆக்கினாலும் இறங்கும்போது அதில் ஒரு ஹெச்பி கூட உதவாது. ஏனென்றால் எக்ஸாஸ்ட் பிரேக் போட்டதும் டீசல் கட்டாகிவிடும், இன்ஜின் வெறும் காற்றைத்தான் தள்ளும். பிடிப்பு எவ்வளவு என்பதைத் தீர்மானிப்பது இன்ஜின் லிட்டர், ஆர்பிஎம், பைப்புக்குள் நிற்கிற அழுத்தம் இந்த மூன்றும்தான்.

போன மழைக்காலத்தில் நடந்தது. தாவணகெரேயிலிருந்து நாமக்கல் கோழித்தீவனக் கம்பெனிக்கு மக்காச்சோளம் ஏற்றிவந்த பத்து சக்கர வண்டி, டோல்கேட்டுக்குக் கொஞ்சம் முன்னால் இன்ஜின் பிடித்து நின்றுவிட்டது. சரக்கை வேறு வண்டிக்கு மாற்றிவிட்டு இழுக்கலாம் என்றேன். ஓனர் போனில், "அண்ணா, மழைல மூட்டைய எறக்குனா சோளம் பூத்துரும்ணா, அப்படியே கொண்டாந்து சேலத்துல விட்டுருங்க" என்று கெஞ்சினார். எனக்கு முன்னாலேயே அங்கே வந்து நின்றது இன்னொரு ரெக்கவரி வண்டி. பம்ப் ஏற்றிய வண்டி, மேட்டில் கரும்புகை கக்கிக்கொண்டு பறக்கும். அந்தத் தம்பி என்னைப் பார்த்து, "உங்க வண்டி இழுக்குமாண்ணா? நான் ரெண்டு திருகு ஏத்தியிருக்கேன், என்கிட்ட விட்டுருங்க" என்றான். "இழுக்கறது பிரச்சினை இல்ல தம்பி, இனிமே எல்லாம் எறக்கந்தான்" என்றேன். ஓனர் வேலையை எனக்குக் கொடுத்தார்.

முதலில் கியர்பாக்ஸிலிருந்து பின் சக்கரத்துக்குப் போகும் ஷாஃப்ட்டின் ஜாயிண்டைக் கழற்றினோம். இன்ஜின் ஓடாமல் சக்கரம் மட்டும் சுற்றினால் கியர்பாக்ஸில் எண்ணெய் ஏறாது, பேரிங் வெந்துவிடும். அப்புறம் என் டேங்கிலிருந்து அந்த லாரிக்கு ஏர் ஹோஸ். அழுத்தம் ஏறும்போது பின் ஆக்சில் இடப்பக்கம் மெல்லிய சத்தம் கேட்டது. சோப்புத் தண்ணீர் ஊற்றிப் பார்த்தால் சேம்பர் வளையத்தின் ஓரத்தில் நுரை குமிழ் குமிழாக வந்தது, டயஃப்ரம் கிழிசல். அதை மாற்றிவிட்டுத்தான் நகர்ந்தேன், முக்கால் மணி நேரம் போனது. சரிவு தொடங்குமுன்பே இரண்டாவது கியர். எக்ஸாஸ்ட் பிரேக்கைப் போட்டதும் இன்ஜின் அடித்தொண்டையில் உறுமும், ஸ்டியரிங்கில் ஒரு நடுக்கம் தெரியும். 2200 ஆர்பிஎம்மில் அப்படியே பிடித்துக்கொண்டு வந்தது. ஆர்பிஎம் ஏறப் பார்க்கும்போது மட்டும் ஒரு அழுத்தமான மிதி, உடனே விடுவது. காலை வைத்துத் தேய்த்துக்கொண்டே வரவில்லை. கீழே தொப்பூரில் நிறுத்தி டிரம் பக்கத்தில் கையை நீட்டிப் பார்த்தேன். சூடு இருந்தது, லைனர் கருகிய வாடை இல்லை. இரண்டு திருகு ஏற்றிய அந்த வண்டி வேறொரு லோடோடு எங்களுக்குப் பின்னால் இறங்கி வந்தது. நான்கு சக்கரத்திலும் புகை. அன்றைக்கு அந்தத் தம்பி தப்பித்தான்.

என் வண்டியில் பம்ப் சீல் இன்னும் கம்பெனி சீல்தான். இதைப் பெருமையாகவே சொல்லிக்கொள்கிறேன்.

சரி, பிரேக்குக்கு என்ன செய்வது. உங்கள் வண்டியிலேயே ஏற்கனவே எக்ஸாஸ்ட் பிரேக் இருக்கும், டர்போவுக்கு அடுத்த பைப்பில் ஒரு வட்டத் தகடு (ஃபிளாப்), அதைத் திருப்ப ஒரு சின்ன ஏர் சிலிண்டர். பழைய வண்டிகளில் பெரும்பாலும் வேலை செய்யாது. யாரோ ஒருவர் ஒயரை வெட்டியிருப்பார், அல்லது தகடு கரி பிடித்துத் திறந்த நிலையிலேயே இறுகியிருக்கும். என் வண்டியில் கழற்றியபோது தகட்டின் விளிம்பில் விரல் கனத்துக்குக் கரி. சுரண்டி எடுத்து, ஷாஃப்ட் புஷ் மாற்றி, சிலிண்டர் கிட் போட்டு, எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டு கேஸ்கெட்டையும் மாற்றினேன். மேனிஃபோல்டில் கசிவு இருந்தால் எவ்வளவு பெரிய பிரேக் வைத்தாலும் அழுத்தம் நிற்காது. இவ்வளவுக்கும் ஆன செலவு பம்ப் வேலைக்குக் கேட்டதைவிடக் குறைவு.

"பெரிசு" என்று கேட்டீர்களே, அங்கேதான் கவனம் வேண்டும். பைப்பை அதிகமாக அடைத்தால் உள்ளே ஏறும் அழுத்தம் எக்ஸாஸ்ட் வால்வைப் பின்னாலிருந்து தள்ளித் திறக்கும். வால்வு ஸ்பிரிங் அதைத் தாங்க வேண்டும். அமெரிக்காவில் 12 வால்வு கம்மின்ஸ் வைத்திருப்பவர்கள் அழுத்தமான எக்ஸாஸ்ட் பிரேக் போடுமுன் எக்ஸாஸ்ட் பக்க ஸ்பிரிங்கையே கடினமானதாக மாற்றிவிடுகிறார்கள். ஸ்பிரிங்கை மாற்றாமல் சந்தையில் கிடைத்த முரட்டு ஃபிளாப்பை வெல்டு செய்து வைத்தால் வால்வும் பிஸ்டனும் மோதிக்கொள்ளும் நாள் வரும். 2007 நடுவில் வந்த 6.7 லிட்டர் ராமில் டர்போவே எக்ஸாஸ்ட் பிரேக் வேலையைச் செய்யும். உங்கள் டர்போ அந்த வகை இல்லை, அந்த வீடியோவைப் பார்த்து டர்போ வாங்கிவிடாதீர்கள்.

ஜேக் பிரேக் பற்றியும் யாராவது சொல்லுவார்கள். அது வேறு சங்கதி. எக்ஸாஸ்ட் பிரேக் வெளியே போகும் வழியை நெரிக்கிறது, ஜேக் பிரேக் காற்றை நன்றாக அழுத்தவிட்டு உச்சியில் வால்வைத் திறந்து அந்தச் சக்தியை வீணாக்குகிறது. அதை யோசித்தவர் உங்கள் இன்ஜின் மேல் பெயர் இருக்கிற கிளெஸ்ஸி கம்மின்ஸ். 1931-ல் கலிபோர்னியாவின் கஹோன் கணவாயில் டீசல் லாரியோடு இறங்கும்போது பிரேக் போய், கீழே ரயில் பாதையில் கூட்ஸ் வண்டி ஒன்று கடந்துபோன பிறகு மயிரிழையில் தப்பினார். ஜேக்கப்ஸ் கம்பெனி அதைத் தயாரித்து விற்பனைக்குக் கொண்டுவந்தது 1961-ல். டீசல் இன்ஜினுக்குப் பவர் ஏற்றுவதிலேயே வாழ்க்கையைக் கழித்த மனிதர், இறக்கத்தில் பட்ட பயத்தை முப்பது வருஷம் மறக்கவில்லை. உங்களுக்கு அது தேவைப்படாது. உள்ள ஃபிளாப்பை உயிரோடு வையுங்கள் போதும்.

ஆர்பிஎம் பற்றி ஒன்று. 1200-ல் எக்ஸாஸ்ட் பிரேக் போட்டுவிட்டு "பிடிக்கவே இல்லை" என்று சொல்லக்கூடாது. சின்ன கியரில் 2000-க்கு மேல் வைத்தால்தான் பிடிக்கும். அதேசமயம் சிவப்புக் கோட்டைத் தாண்டவும் விடாதீர்கள், சக்கரம் இன்ஜினைச் சுற்றும்போது, டீசலைக் குறைத்து ஆர்பிஎம்மைக் கட்டுப்படுத்தும் கவர்னரால் ஒன்றும் செய்ய முடியாது. மழை ரோட்டில் பின்னால் பாரம் இல்லாமல் வரும்போது ஃபிளாப்பைப் போடாதீர்கள், பின் சக்கரம் மட்டும் பிடித்து வண்டி திரும்பிவிடும்.

பவர்தான் வேண்டும் என்றால் முதலில் தொலைந்த பவரைத் தேடுங்கள். ஏர் ஃபில்டர், இன்டர்கூலர் ஹோஸ் கசிவு, நாசில் சர்வீஸ், டாப்பெட் (வால்வு இடைவெளி) இன்டேக் 0.25 மில்லிமீட்டர், எக்ஸாஸ்ட் 0.51. இதெல்லாம் சரியாக இருந்தால் 180 ஹெச்பி முழுசாக வரும், மேட்டில் ஒரு கியர் குறைத்துப் போங்கள். அப்படியும் பம்பைத் திறப்பேன் என்றால் டர்போவுக்கு முன்னால் எக்ஸாஸ்ட் சூடு காட்டும் மீட்டர் ஒன்று வையுங்கள். 675 டிகிரி செல்சியஸைத் தாண்டி மேடு முழுக்க மிதித்தால் பிஸ்டன் உருகும் அபாயம் உண்டு. அதற்கு முன்பே கிளட்ச் பிளேட் வழுக்கத் தொடங்கும். நூல் பிடித்தாற்போல் மிதிக்கிற டிரைவர் கையில் பம்ப் ஏற்றிய வண்டியும் நிலைக்கும் என்பதை ஒத்துக்கொள்கிறேன். ரெக்கவரி வண்டியை ராத்திரி யார் எடுப்பார் என்று உங்களுக்கே தெரியாது.

சட்டமும் இருக்கிறது. மோட்டார் வாகனச் சட்டம் 52-வது பிரிவுப்படி ஆர்சி விவரத்துக்கு மாறாக வண்டியை மாற்றக்கூடாது. 2019 திருத்தத்துக்குப் பின் அனுமதியில்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், ஆறு மாதம் வரை சிறையும் கிடைக்கலாம். பூம் ஏற்றியதை ஆர்சியில் ஏற்றிவிட்டீர்களா என்று முதலில் பாருங்கள்.

இன்சூரன்ஸ் பற்றியும் ஒன்றைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. அந்தச் சோள வண்டிக்கு நான் போட்ட பில்லை இன்சூரன்ஸ் சர்வேயர் பாதியாக வெட்டினார். "இத்தனை கிலோமீட்டருக்கு இவ்வளவா?" என்பது அவர் கேள்வி. ஏர் ஹோஸ் கொடுத்தது, டயஃப்ரம் மாற்றியது, ஜாயிண்ட் கழற்றியது, பின்னால் சிவப்பு விளக்கோடு இரண்டு ஆள் மழையில் நின்றது, எதற்குமே அந்த ஃபாரத்தில் கட்டம் இல்லை. ஒழுங்காக வேலை செய்கிறவனுக்கும் போல்ட்டைத் திருகிவிட்டு இழுத்துப்போகிறவனுக்கும் ஒரே ரேட். பிறகு ஃபேஸ்புக்கில் ரெக்கவரிக்காரன் கொள்ளையடிக்கிறான் என்று எழுதுகிறார்கள். கொள்ளையடிக்கிறவனும் இருக்கிறான், மறுக்கவில்லை. ஆனால் பாதுகாப்புக்காகச் செலவாகும் ஒரு மணி நேரத்துக்குக் காசு கொடுக்க இந்த நாட்டில் ஒருவருக்கும் மனசு வரவில்லை. நியூட்ரலில் இறக்கி டீசல் மிச்சம் பிடிக்கச் சொல்கிற ஓனர்களும் அதே ரகம்தான். மைலேஜ் வரவில்லை என்று சம்பளத்தில் பிடித்தால் அந்த டிரைவர் தொப்பூரில் எந்தக் கியரில் வருவான்?

இப்போது நீங்கள் செய்ய வேண்டியது, வண்டி ஆறியிருக்கும்போது அடியில் படுத்து அந்த ஃபிளாப் ஷாஃப்ட்டைக் கையால் திருப்பிப் பாருங்கள். திரும்புகிறதா, ஆட்டம் இருக்கிறதா, ஏர் கொடுத்தால் முழுசாக மூடுகிறதா, மூன்றையும் கமெண்டில் எழுதுங்கள். வால்வு ஸ்பிரிங் மாற்றியிருக்கிறார்களா என்று பழைய ஓனரிடம் கேட்க முடிந்தால் அதையும். என்னென்ன மாற்ற வேண்டும் என்று அதை வைத்துச் சொல்கிறேன்.