'கொடி' இருந்தும் ஃபைண்ட் -1 தருவது ஏன்?

பைத்தானில் வரிக்குள் 'கொடி' கண்ணெதிரே இருந்தும், சொல் இருக்கும் இடத்தைத் தேடித் தரும் ஃபைண்ட் -1, அதாவது 'கிடைக்கவில்லை' என்று தருகிறது என்கிறீர்கள். நிரல் சரிதான், வில்லங்கம் அநேகமாகத் தரவில். யுனிகோடில் 'கொ'வை இரண்டு விதமாக எழுதலாம்: 'க'வுக்குப் பின் ஒரே ஒகரக் குறி, அல்லது ஒற்றைக்கொம்பும் காலும் தனித்தனியாக. திரையில் வித்தியாசமே தெரியாது. தேடும் சொல்லுக்கும் கோப்பிலிருக்கும் சொல்லுக்கும் நீளம் சொல்லும் லென் போட்டுப் பாருங்கள். ஒன்று 4, மற்றது 5 என்று வந்தால் இதுதான் காரணம். தேடுவதற்கு முன் இரண்டையும் யுனிகோட்டேட்டா மாட்யூலில் உள்ள நார்மலைஸ் மூலம், பிரிந்த குறிகளை ஒன்றாகச் சேர்க்கும் என்எஃப்சி வடிவுக்கு மாற்றுங்கள். ஒன்றை மட்டும் மாற்றினால் பத்தாது.

அப்புறம், ஃபைண்ட் தரும் விடையை அப்படியே இஃப்-இல் போடாதீர்கள். தொடக்கத்திலேயே கிடைத்தால் 0 வரும், அது பொய்யாகிவிடும். கிடைக்காத -1 மெய்யாகிவிடும். இருக்கிறதா இல்லையா என்று பார்க்க 'இன்' போதும்.