ஐசியுல சுகர் பாக்குறது: கேட்டீங்க, சொல்றேன்

அப்பா ஐசியுல இருக்காரு, மணிக்கொரு தடவ விரல்ல குத்துறாங்க. ஸ்மார்ட் வாட்ச் கட்டிவிட்டா போதாதா?
போதாது. குத்தாமலே சுகர் பாக்குற வாட்ச், மோதிரம் எதுக்குமே அனுமதி குடுக்கலன்னு அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு எஃப்டிஏ 2024 பிப்ரவரியில தெளிவா சொல்லிடுச்சு. காச வீணாக்காதீங்க.

நார்அட்ரினலின் (பிரஷர ஏத்துற மருந்து) ஓடுது, விரல் ஜில்லுன்னு இருக்கு. குளுக்கோமீட்டர்ல 140, ஏபிஜில (தமனி ரத்தத்த மெஷின்ல பாக்குற டெஸ்ட்) 75. எத நம்புறது?
ஏபிஜி. ஷாக்ல, அதாவது பிரஷர் விழுந்து கெடக்கும்போது, விரலுக்கு ரத்தமே சரியா போகாது, அதுல வர்ற நம்பருக்கு என்ன மதிப்பு? ஹீமோகுளோபின் கம்மின்னா மீட்டர் இன்னும் கூட்டித்தான் காட்டும். தமனியில ஆர்ட்டீரியல் லைன்னு ஒரு குழாய் போட்டிருக்குல்ல, அதுலேர்ந்தே எடுங்க, புதுசா ஒரு குத்தும் வேணாம்.

சுகர் 480. இன்சுலின் எவ்ளோ போடணும்?
இவ்ளோதான் லெட்டரே! எந்தக் கையில எடுத்தீங்க, அந்தக் கையில என்ன ட்ரிப் ஓடுது, ஒண்ணும் எழுதல. திரும்பத் திரும்ப சொல்றேன், டெக்ஸ்ட்ரோஸ் (குளுக்கோஸ் ட்ரிப்) ஓடுற கையில சாம்பிள் எடுக்காதீங்க, 5% டெக்ஸ்ட்ரோஸ்ல டெசிலிட்டருக்கு 5,000 மில்லிகிராம் குளுக்கோஸ் இருக்கு, ரெண்டு சொட்டு கலந்தாலே நம்பர் எங்கயோ போயிடும், நீங்க அத நம்பி இன்சுலின ஏத்துவீங்க, நெஜ சுகர் 40க்கு எறங்கும், மயக்க மருந்துல இருக்குற ஆளு வேர்க்குது படபடங்குதுன்னு சொல்லவா போறாரு? ஆர்ட்டீரியல் லைன் அடைக்காம இருக்க மாட்டுற ஃப்ளஷ் பைக்கும் இதேதான், சலைன் மட்டும் தொங்கணும். பிரிட்டன்ல டெக்ஸ்ட்ரோஸ் பைய மாத்தி மாட்டி ஆபத்தாகி 2008லயே நாடு முழுக்க எச்சரிக்கை விட்டாங்க. பையில லேபிள படிங்க, சாம்பிள மறு கையில எடுத்துப் பாருங்க, இன்சுலின் கணக்கு அப்புறம்.

லைன்லேர்ந்து எடுத்தா ரத்தம் வீணாகுதே?
நல்ல கேள்வி. தடவைக்கு ரெண்டு மூணு மில்லி கீழ ஊத்துனா, மணிக்கொரு தடவன்னா ஒரு நாளைக்கு 60 மில்லி கிட்ட போயிடும். க்ளோஸ்ட் சாம்பிளிங் செட் வாங்கச் சொல்லுங்க, இழுத்த ரத்தம் திரும்ப உள்ளயே போயிடும்.

சிஜிஎம் சென்சார் (தோல்ல ஒட்டி சுகர விடாம பாக்குறது) ஒட்டலாமா?
ஒட்டலாம், சுகர் ஏறுதா எறங்குதான்னு ட்ரெண்ட் பாக்க. கோவிட் சமயத்துல 2020ல அமெரிக்க ஆஸ்பத்திரிகள்ல ஒட்டி, அறைக்கு வெளிய நின்னே பாத்தாங்க. ஆனா அது பாக்குறது ரத்தத்த இல்ல, தோலுக்கடியில இருக்குற தண்ணிய. பத்து நிமிஷம் பின்தங்கும், உடம்பு வீங்கியிருந்தா, ஷாக்ல இருந்தா சரிப்படாது, ஆளு அதுமேல படுத்துட்டா இல்லாத லோ சுகரக் காட்டும். அத மட்டும் வெச்சு இன்சுலின் டோஸ மாத்தாதீங்க, ரத்தத்துல ஒருதடவ பாத்துட்டு மாத்துங்க.

80–110க்குள்ள வெச்சாத்தான் நல்லதாமே?
அது 2001ல வந்த ஒரு ஆய்வோட கதை. 2009ல நைஸ்-சுகர்னு ஒரு பெரிய ட்ரயல், ஐசியு நோயாளிங்க 6,000 பேர், அப்படி இறுக்கிப் புடிச்சவங்கள்லதான் சாவு கூட. 140–180 போதும்.

வைட்டமின் சி ஹை டோஸ் போகுது, மீட்டர் ஓகேவா?
இல்ல. கூட்டிக் காட்டும். லேபுக்கு அனுப்புங்க.