மருந்துக்கடை காஸும் ஆய்வகக் கம்பி வலையும் ஒன்றா?

புண்ணுக்குக் கட்டும் காஸுக்கும் ஆய்வகத்தில் பீக்கருக்கு அடியில் வைக்கும் கம்பி வலைக்கும் என்ன தொடர்பு என்று கேட்டிருக்கிறீர்கள். சேலம் அம்மாப்பேட்டையில் தறிச் சத்தத்தோடு வளர்ந்தவன், அதனால் நெசவிலிருந்தே சொல்கிறேன். மெல்லிய இழைகளை இடைவெளி விட்டு நெய்தால் அது காஸ். பருத்தியில் நெய்தது கசிவை உறிஞ்சும், காற்றையும் விடும். ஒரு வகையில் நீளவாக்கில் ஓடும் பாவு நூல்கள் இரண்டிரண்டாக முறுக்கிக்கொண்டு, குறுக்கே ஓடும் ஊடை நூலைப் பிடிக்கும். இடைவெளி இருந்தும் நூல் நகராது. அழகான வேலை அது.

இதேபோல் இடைவெளி விட்டுக் கம்பியில் நெய்தது ஆய்வக வலை. சுடர் ஒரே இடத்தில் பட்டால் கண்ணாடி விரிசல் விடும். வலை சூட்டைப் பரப்பிவிடும். நடுவில் உள்ள வெள்ளை வட்டம் முன்பு கல்நார் (ஆஸ்பெஸ்டாஸ்), இப்போது பீங்கான். பழைய வலை கண்ணில் பட்டால் தொடாமல் ஆசிரியரிடம் சொல்லுங்கள், கல்நார்த் தூசி நுரையீரலைக் கெடுக்கும்.

ஆசிரியர் பக்கத்தில் இருக்கும்போது இதைச் செய்துகாட்டச் சொல்லுங்கள்: பர்னரில் வாயுவைத் திறந்து, அதற்கு மேலே வலையைப் பிடித்து, வலைக்கு மேல்பக்கம் மட்டும் பற்றவைத்தால் சுடர் கீழே இறங்காது. கம்பி சூட்டை இழுத்துக்கொள்வதால் கீழே உள்ள வாயு பற்றும் அளவுக்குச் சூடாவதில்லை. 1815-இல் ஆங்கிலேய வேதியியலாளர் ஹம்ப்ரி டேவி சுரங்கத் தொழிலாளர்களுக்குப் பாதுகாப்பு விளக்கு செய்தது இதை வைத்துத்தான்; சுடரைச் சுற்றியுள்ள வலை, வெளியே உள்ள வாயு பற்றாமல் தடுக்கும். அப்புறம், நைட்ரிக் அமிலத் தொழிற்சாலைகளில் பிளாட்டினம்-ரோடியம் கம்பி வலைதான் வினையூக்கி, அதாவது வேதிவினையை வேகப்படுத்தும் பொருள்.