எதுவும் நடக்காத ஷிஃப்டில் என்ன கற்றுக்கொள்வது?

கேள்வி: எனக்கு வயது 26. இ.இ.இ. டிப்ளமோ முடித்திருக்கிறேன். கோவை பக்கம் ஒரு ஸ்பின்னிங் மில்லில் மூன்று வருடம் எலக்ட்ரிக்கல் மெயின்டனன்ஸ் பார்த்தேன். ஒன்றரை வருடமாகச் சிறுசேரியில் ஒரு டேட்டா சென்டரில் (சர்வர் கணினிகள் இரவும் பகலும் ஓடும் கட்டடம்) ஷிஃப்ட் டெக்னீஷியன். காண்ட்ராக்ட் கம்பெனி ரோலில் இருக்கிறேன். மில்லில் தினமும் ஏதாவது பழுதாகும், கை நிறைய வேலை இருக்கும். இங்கே இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை ரவுண்ட்ஸ் போய் ரீடிங் எழுதுவதோடு சரி. கற்ற தொழிலே மறந்துவிடுமோ என்று பயமாக இருக்கிறது. கடன் வாங்கியாவது கிளவுட் கோர்ஸ் படி என்கிறார்கள் நண்பர்கள். இதே வேலைக்கு மாதம் 4,000 ரூபாய் கூடுதலாகத் தருவதாக இன்னொரு காண்ட்ராக்ட் கம்பெனி கூப்பிடுகிறது. போகலாமா? இந்தத் துறையில் எனக்கு வளர்ச்சி உண்டா?
– பெயர் வெளியிட விரும்பாத வாசகர், கேளம்பாக்கம்

பதில்:

தம்பி, கோர்ஸுக்குக் கடன் வாங்க வேண்டாம். கிளவுட் என்பது சர்வர்களை இணையம் வழியாக நிர்வகிக்கிற மென்பொருள் பக்கம், வேறு தொழில். அதன்மேல் ஆசைப்பட்டுப் போகிறவர்கள் தாராளமாகப் போகலாம். உங்கள் கடிதத்தில் அந்த ஆசை எங்கேயும் தெரியவில்லை. இங்கேயே தேங்கிவிடுவோமோ என்ற பயம்தான் தெரிகிறது. பயப்படுவதில் நியாயம் இருக்கிறது. வெறும் ரீடிங் எழுதியே ஐந்து வருடத்தை ஓட்டியவர்களை நான் பார்த்திருக்கிறேன். ஆனால் அதிலிருந்து வெளியே வர வழி நீங்கள் வேலை பார்க்கிற கட்டடத்துக்குள்ளேயே இருக்கிறது.

மில்லில் பழுது வந்த பிறகு கற்றுக்கொண்டீர்கள். ஒரு மோட்டார் எரிந்தால் அந்த மெஷின் நிற்கும், நீங்கள் பிரித்துப் பார்த்துச் சரிசெய்வீர்கள், அப்படியே அனுபவம் சேரும். டேட்டா சென்டரில் அந்த அவகாசம் கிடையாது. ஈ.பி. சப்ளை போனால் யு.பி.எஸ். பேட்டரி தாங்குவது பெரும்பாலான இடங்களில் சில நிமிடங்கள்தான். அதற்குள் டிஜி, அதாவது டீசல் ஜெனரேட்டர், ஓடி லோடு எடுக்க வேண்டும், நின்றுபோன சில்லர் (குளிர்நீர் தயாரிக்கும் இயந்திரம்) மறுபடி ஓடத் தொடங்க வேண்டும். எங்கே போய் எந்தப் பிரேக்கரைப் பார்க்க வேண்டும் என்று அந்த நேரத்தில் யோசித்துக்கொண்டிருக்க முடியாது. கற்க வேண்டியதையெல்லாம் எதுவும் நடக்காத நாட்களிலேயே கற்று முடித்திருக்க வேண்டும். இந்தத் தொழிலில் முன்னுக்கு வந்தவர்கள் அமைதியான ஷிஃப்டுகளை அப்படித்தான் பயன்படுத்தினார்கள்.

நீங்கள் சலித்துக்கொள்கிற அந்த லாக் ஷீட்டையே எடுத்துக்கொள்வோம். யு.பி.எஸ். லோடு ஏ பக்கம் 62 சதவீதம், பி பக்கம் 58 சதவீதம் என்று எழுதுகிறீர்கள். அலாரம் எதுவும் இருக்காது. பேனலில் எல்லாம் பச்சை விளக்கு. உங்களுக்கு முன் வந்தவரும் இதையேதான் எழுதியிருப்பார். ஆனால் அது டூ-என் அமைப்பு என்றால், ஒரு பக்கம் விழுந்தால் மறுபக்கம் முழு லோடையும் சுமக்க வேண்டும். இரண்டையும் கூட்டிப் பாருங்கள்: 120. ஏ நின்ற நொடியில் பி ஓவர்லோடு. கொஞ்ச நேரம் தாங்கும், பிறகு பைபாஸுக்கு (பேட்டரி காப்பு இல்லாத நேரடி சப்ளைக்கு) போகும் அல்லது டிரிப் ஆகும். இரண்டு யு.பி.எஸ். இருந்தும் காப்பு இல்லாமல் ஓடிக்கொண்டிருக்கிற கட்டடம் அது. இதை ஒரு ஷிஃப்ட் டெக்னீஷியன் கண்டுபிடித்து, மூன்று மாத ரீடிங்கை வரைபடமாகப் போட்டு, எந்த வாரத்திலிருந்து 50-ஐத் தாண்டியது என்று காட்டி மெயில் போட்டால், அந்த மெயிலை மேலே இருக்கிறவர்கள் எளிதில் மறக்க மாட்டார்கள்.

டிஜி ரூமிலும் இதே கதைதான். தேவைப்படும் நேரத்தில் ஜெனரேட்டர் ஓடாமல் போவதற்குப் பெரும்பாலும் இன்ஜின் கோளாறு காரணமாக இருக்காது. ஸ்டார்ட்டிங் பேட்டரி வீக்காக இருந்திருக்கும், அல்லது சர்வீஸுக்கு வந்தவர் செலக்டர் ஸ்விட்சை ஆட்டோவுக்குத் திருப்பாமல் போயிருப்பார். ரவுண்ட்ஸில் அந்த ஸ்விட்சைக் கண்ணால் பார்க்கிறீர்களா, பழக்கத்தில் டிக் அடிக்கிறீர்களா? இன்ஜினைச் சூடாக வைத்திருக்கும் ஜாக்கெட் ஹீட்டர் வேலை செய்கிறதா, டே டேங்கில் (அன்றாடத் தொட்டியில்) டீசல் மட்டம் நேற்றைக்கும் இன்றைக்கும் ஏன் மாறியது என்று கேட்டுக்கொள்கிறீர்களா? இப்படிக் கேட்டுக்கொண்டே போகிறவருக்கு ஒரு ரவுண்டு அரை மணி நேரம் கூடுதலாகும். தொழில் படிப்பது அந்த அரை மணி நேரத்தில்தான்.

2023 அக்டோபர் 14 அன்று சிங்கப்பூரில் டி.பி.எஸ்., சிட்டி வங்கிகளின் சேவை முடங்கியது. இரண்டு வங்கிகளும் பயன்படுத்திய ஈக்வினிக்ஸ் டேட்டா சென்டரில் குளிர்நீர் அமைப்பை மேம்படுத்தும் வேலை நடந்துகொண்டிருந்தது. காண்ட்ராக்டர் ஒருவர் தவறாக அனுப்பிய சிக்னலால் குளிர்நீர்த் தொட்டிகளின் வால்வுகள் மூடிக்கொண்டன. சர்வர் ஹாலில் வெப்பம் ஏறியது. சுமார் 25 லட்சம் பணப் பரிவர்த்தனைகளும் ஏ.டி.எம். பரிவர்த்தனைகளும் நடக்காமல் போனதாக அந்நாட்டு நாடாளுமன்றத்தில் தெரிவித்தார்கள். இடி மின்னல் இல்லை, கரண்ட் போகவில்லை. திட்டமிட்டுச் செய்த வேலையில் ஒரு படி தவறியது. அதனால்தான் உங்கள் இடத்தில் ஒவ்வொரு மெயின்டனன்ஸுக்கும் எம்.ஓ.பி. என்று ஒரு செயல்முறைத் தாள் கேட்கிறார்கள். எந்த வால்வு, எந்த வரிசை, எதைச் சரிபார்த்த பிறகு அடுத்த படி, தவறினால் எப்படிப் பழைய நிலைக்குத் திரும்புவது என்று அதில் எழுதியிருக்கும். அதைப் படித்துக் கையெழுத்துப் போடுகிறவர்கள் நிறைய. எழுதத் தெரிந்தவர்கள் குறைவு. நீங்கள் எழுதக் கற்றுக்கொள்ளுங்கள். உங்கள் சூப்பர்வைசரிடம் போய், "அண்ணா, அடுத்த மெயின்டனன்ஸுக்கு எம்.ஓ.பி. நான் டிராஃப்ட் போட்டுத் தர்றேன், நீங்க திருத்திக் கொடுங்க" என்று கேளுங்கள். மறுக்கிறவர் அபூர்வம்.

இதற்கு முன்னால் ஒரு வேலை இருக்கிறது. உங்கள் கட்டடத்தின் சிங்கிள் லைன் டயக்ராமை, அதாவது மின்சாரம் போகும் பாதையின் வரைபடத்தை, பார்க்காமல் வெள்ளைத் தாளில் வரைந்து பழகுங்கள். ஹெச்.டி. (உயர் அழுத்த) பேனலில் தொடங்கி டிரான்ஸ்ஃபார்மர், எல்.டி. (தாழ்வழுத்த) பேனல், யு.பி.எஸ்., மின்சாரத்தைப் பிரித்துத் தரும் பி.டி.யு., சர்வர்கள் அடுக்கியிருக்கும் ரேக் வரைக்கும். பிறகு அதில் ஏதாவது ஒரு பிரேக்கரை மூடிக்கொண்டு, இது டிரிப் ஆனால் எது எது அணையும், எது எங்கே மாறும் என்று வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள். திணறாமல் சொல்ல வந்துவிட்டால், எந்த இன்டர்வியூவிலும் நீங்கள் தனியாகத் தெரிவீர்கள்.

உங்கள் மில் அனுபவத்தைக் குறைவாக எடை போடாதீர்கள். மில்லில் ஹியூமிடிஃபிகேஷன் பிளான்ட் பார்த்திருப்பீர்கள்: ஃபேன், பம்ப், ஃபில்டர், தண்ணீரில் உப்புப் படிவது, ஈரப்பதம் ஏறி இறங்குவது. இன்றைக்கு டேட்டா சென்டரில் ஆள் தேடுகிற இடம் அதுதான். சாதாரண சர்வர் ரேக் ஒன்றுக்கு 5, 10 கிலோவாட் என்று இருந்த காலம் போய், ஏ.ஐ. வேலைக்கான ரேக் ஒன்றே 120 கிலோவாட்டை எட்டிவிட்டது. அதைக் காற்றால் மட்டும் குளிர்விக்க முடியாது. சிப் வரைக்கும் குழாயில் திரவம் போகிறது. திரவத்தின் தரம், ஃபில்டர் அடைப்பு, லீக், பிரஷர் இதெல்லாம் சர்வர் பக்கத்து ஆட்களுக்குப் புதிது, மில்லிலிருந்து வந்த உங்களுக்குப் பழகிய சங்கதி. மெக்கானிக்கல் டீம் வேலை செய்யும்போது கூடப் போய் நில்லுங்கள். எலக்ட்ரிக்கல் ஆள் சில்லரைப் பேசத் தெரிந்தவராக இருந்தால் அவருக்கு மதிப்பே தனி.

சான்றிதழ் பற்றி. உங்கள் டிப்ளமோவுக்கு, தமிழ்நாடு மின் உரிமம் வழங்கும் வாரியத்தின் சூப்பர்வைசர் சி லைசென்ஸை இன்னும் வாங்கவில்லை என்றால் முதலில் அதை வாங்குங்கள். டேட்டா சென்டர் வேலைக்கென்றே உள்ள சி.டி.சி.பி. போன்ற இரண்டு நாள் கோர்ஸ்கள் கெட்டவை அல்ல, பயோடேட்டாவை ஹெச்.ஆர். எடுத்துப் பார்க்க உதவும். ஆனால் கட்டணம் அதிகம். கம்பெனி அனுப்பினால் போங்கள், சொந்தப் பணத்தைப் போட இப்போது அவசரம் இல்லை. அந்த நேரத்தில் பி.எம்.எஸ். (கட்டடத்தின் கருவிகளைக் கண்காணிக்கும் கணினி அமைப்பு) திரைக்குப் பின்னால் என்ன நடக்கிறது என்று பாருங்கள். அந்தக் கருவிகள் தகவல் பரிமாறும் முறைகளான மோட்பஸ், பேக்நெட் பற்றி இணையத்தில் இலவசமாகவே நிறைய இருக்கிறது. ஷிஃப்ட் ஹேண்ட்ஓவரை ஆங்கிலத்தில் நாலு வரி தெளிவாக எழுதவும் பழகுங்கள்.

ஒரு விஷயத்தில் மட்டும் நான் கெஞ்சியே கேட்கிறேன். கஸ்டமர் அவசரப்படுகிறார், அஞ்சு நிமிட வேலைதான் என்று யார் சொன்னாலும் மின்சாரம் ஓடுகிற பேனலில் கை வைக்காதீர்கள். பெர்மிட் வாங்கி, ஐசொலேட் செய்து, பூட்டும் டேக்கும் போட்டு, மின்சாரம் இல்லை என்று டெஸ்டர் வைத்துப் பார்த்த பிறகுதான். ஆர்க் ஃப்ளாஷ் (மின்பொறி வெடிப்பு) வந்தால் கையை இழுத்துக்கொள்ளக்கூட நேரம் இருக்காது. மறுத்ததற்காக வேலை போனால் இன்னொரு வேலை கிடைக்கும். உங்களை நம்பி வீட்டில் ஆட்கள் இருக்கிறார்கள்.

இனி அந்த 4,000 ரூபாய். துறையில் வளர்ச்சி இருக்கிறது. கடலடிக் கேபிள்கள் சென்னையில் கரையேறுவதால் அம்பத்தூரிலும் சிறுசேரியிலும் கட்டடம் எழும்பிக்கொண்டே இருக்கிறது. 2021-இல் மாநில அரசு இதற்கென்றே ஒரு கொள்கையும் கொண்டுவந்தது. ஆனால் காண்ட்ராக்ட் ரோலிலேயே இருப்பவருக்கு அந்த வளர்ச்சி தானாக வந்து சேராது. டெண்டர் மாறும், கம்பெனி பெயர் மாறும், நாற்காலி மாறாது. இன்னும் இரண்டு வருடத்துக்குள் கட்டடச் சொந்தக்காரரின் ரோலுக்கோ, யு.பி.எஸ்., சில்லர் தயாரிக்கிற கம்பெனியின் சர்வீஸ் பிரிவுக்கோ, கமிஷனிங் (புது அமைப்பைப் பயன்பாட்டுக்கு விடுமுன் சோதிக்கும்) வேலைக்கோ போய்விட வேண்டும் என்று இலக்கு வையுங்கள். என்னைக் கேட்டால் கமிஷனிங்தான் முதல். புது ஹாலில் சர்வர்களுக்குப் பதிலாக மின்சாரம் இழுக்கும் லோடு பேங்க் வைத்து, வேண்டுமென்றே ஈ.பி.யைத் துண்டித்து, ஒவ்வொரு யு.பி.எஸ்.ஸாக நிறுத்திப் பார்ப்பார்கள். உங்கள் ஷிஃப்டில் வருடக்கணக்கில் நடக்காத கோளாறுகளெல்லாம் அங்கே சில வாரங்களில் கண்முன் நடக்கும். உங்கள் வளாகத்திலேயே அடுத்த கட்டம் தயாராகிறதா என்று விசாரித்து, அந்த டீமில் சேர்க்கச் சொல்லிக் கேளுங்கள்.

கூப்பிடுகிற கம்பெனியிடம் மூன்று கேள்வி கேளுங்கள். புது ஹால் கமிஷனிங்கில் எனக்கு இடம் உண்டா? சில்லர், பி.எம்.எஸ். பக்கமும் பயிற்சி தருவீர்களா? ஷிஃப்ட் 8 மணி நேரமா, 12 மணி நேரம் என்றால் ஓ.டி. எவ்வளவு, பி.எஃப். முழுச் சம்பளத்துக்கா? பதிலை எழுத்தில் வாங்குங்கள். முதல் இரண்டில் ஒன்றுக்காவது உறுதி கிடைத்து, மூன்றாவதில் மழுப்பல் இல்லை என்றால் மாறுங்கள், இங்கிருந்து அனுபவச் சான்றிதழைக் கையோடு வாங்கிக்கொண்டு. பணத்துக்காக மட்டும் என்றால் இப்போது வேண்டாம், தம்பி.